நான் பேசாமல் நடந்த பாடம்

எம்.ஏ. படிக்கச் சேர்ந்ததை எங்கள் பிளாக்கில் யாருக்கும் சொல்வதில்லை என்றுதான் முடிவு செய்திருந்தேன். தேறிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஓர் எண்ணம். ஆனால் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரு வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்பது எல்லா மாடிக்கும் தெரியும். நாற்பதை நெருங்கும் ஒருத்தி சனி, ஞாயிறு ஆனால் இஸ்திரி போட்ட புடவையும் தோளில் பையுமாகப் பஸ் ஏறுவது மட்டும் தெரியாமல் போகுமா? காசிமேட்டில் மீன் எடுத்து வந்து தெருத்தெருவாக விற்கும் கீழ் வீட்டு அக்கா ஒருநாள் படிக்கட்டில் வழிமறித்துக் கேட்டேவிட்டார். கல்வியியலில் முதுகலை, அதில் கலைத்திட்டம் என்று ஒரு பாடம், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது என்றேன்.

"கலையா? இன்னாமே, இந்த வயசுல பரதநாட்டியமா?"

இல்லையக்கா என்று கூடையை இறக்கவிட்டு விளக்கினேன். பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது, எதை விட்டுவிடுவது, எது முதலில், எது பிறகு, கற்றார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது, இதையெல்லாம் யார் உட்கார்ந்து முடிவு செய்வது, இதைத்தான் கலைத்திட்டம் என்கிறார்கள் என்றேன். அக்கா, "அப்ப இன்னிக்கு இன்னா சமையல்னு முடிவு பண்றவங்க படிப்புன்னு சொல்லு. எங்கூட்ல அத்த எங்க மாமியார் எப்பவோ பட்சி முட்சிட்டாங்க" என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வகுப்பில் கலைத்திட்டம் என்றால் என்ன என்று சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னார்கள். அக்கா சொன்னதைக் கொஞ்சம் சட்டை மாட்டி எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு பெரிய 'சரி' விழுந்தது. மனிதர்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவதைப் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். எனக்குப் பாதிப் படிப்பு அப்படித்தான் வந்தது.

மீதிப் பாதியும் பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. பத்தாவதோடு நின்றவள் நான். ராயபுரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். பார்சல் சுற்றி வந்த பேப்பரைக்கூட விடாமல் படிப்பேன். பன்னிரண்டாவதைத் தனியாக எழுதினேன், பி.ஏ.வைத் தபாலில் முடித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பிளாக் பிள்ளைகளுக்கு ட்யூஷன் ஆரம்பித்தேன். ஒரே ஒரு ஹால். ஒரு மூலையில் கேஸ் அடுப்பு, மறு மூலையில் ஏழாம் வகுப்பு. எனக்குப் பாடம் நடத்தத் தெரிந்த ஒரே வழி பேச்சு. பின்னம் என்றாலும் பேச்சு, பானிப்பட் என்றாலும் பேச்சு. மூணாவது மாடியில் துணி காயப்போடும் பெண்கள்கூட என் பாடத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

எம்.ஏ. வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். முதல் நாள் ஒவ்வொருவரும் எந்தப் பள்ளி என்று சொல்லிக்கொண்டு வர, என் முறை வந்ததும் "எங்க வீட்டு ஹால்" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மறைமுகக் கலைத்திட்டம் என்ற பாடம் வந்த அன்று சிரிக்கும் முறை எனக்கு வந்தது. புத்தகத்தில் எழுதாமலே பள்ளிக்கூடம் கற்றுக்கொடுப்பது என்று அதற்கு அர்த்தம். முன் பெஞ்சில் யார் உட்காருவது, தண்ணீர்க் குடம் எடுத்துவர யாரை அனுப்புவது, யார் வாயைத் திறந்தால் வகுப்பே சிரிப்பது, இப்படி. உதாரணம் சொல்லுங்கள் என்றபோது மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டினார்கள். நான் எழுந்து நின்று மணி அடிக்கும்வரை உட்காரவில்லை. 'இன்னா' என்று சொன்னதற்காக எத்தனை முறை பெஞ்சு மேல் ஏறி நின்றிருக்கிறேன். இத்தனை வருடம் என் கூடவே குடித்தனம் நடத்திய ஒன்றுக்கு இப்போதுதான் பெயர் கிடைத்தது. அந்தப் படிப்பு என்னுடைய படிப்பு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் வருடம் வந்ததும் ப்ராஜெக்ட் என்று ஒன்று வைத்தார்கள். ஒரு பாட அலகை நாமே உருவாக்க வேண்டும். முதலில் தேவை என்ன என்று சம்பந்தப்பட்டவர்களைக் கேட்க வேண்டும், பிறகு பாடத்தை வடிவமைத்து நடத்திப் பார்க்க வேண்டும், கடைசியில் வாய்மொழித் தேர்வில் நின்று பதில் சொல்ல வேண்டும். மற்ற தாளெல்லாம் தேறினாலும் இது ஏற்கப்படாவிட்டால் பட்டம் கிடையாது. பரீட்சையை உருப்போட்டுத் தாண்டலாம். இதில் அது நடக்காது. அந்த வருடம் முழுக்க எனக்கு இருந்த ஒரே கவலை இதுதான்.

தேவையைக் கேட்க எங்கள் பிளாக்கைவிட வேறு எங்கே போவேன்? பிள்ளைகள் படிப்பு விஷயமாக உங்கள் கருத்து வேண்டும், சனிக்கிழமை சாயங்காலம் கீழே வாருங்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். ஒரு காரியம் செய்தேன், அதுதான் தப்பாகப் போயிற்று: கையில் ஒரு ஃபைலோடு போனேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் ஃபைலோடு வந்து கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கணக்கெடுப்பு, இல்லை மனு.

சனிக்கிழமை கூட்டம் நன்றாகவே கூடியது. வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. சிலர் கரண்டு பில்லும் கொண்டுவந்திருந்தார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. போட்டோவுக்குப் பின்னால் வெள்ளை கலர் வேண்டுமா, நீலம் பரவாயில்லையா என்று அக்கா கேட்டபோதுதான் எனக்கே விஷயம் புரிந்தது. ஒன்றும் வேண்டாம், நான் கேட்க வந்தது பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்றுதான் என்றேன். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. வந்தது வந்தோம், இவள் என்னதான் சொல்கிறாள் பார்ப்போம் என்று உட்கார்ந்தார்கள்.

முதலில் வந்ததெல்லாம் எல்லாரும் சொல்லும் பதில். இங்கிலீஷ், கம்ப்யூட்டர். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு சாயங்காலம் கிரவுண்டில் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கும் கோச், ஒழுக்கம் என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். அக்கா கையில் இருந்த கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த பேப்பர நான் குட்த்துகினேதான் கீறேன். கையெய்த்து போடுன்றாங்கோ, போடறேன். அதுல இன்னா எய்திகீதுன்னு ஒருத்தரும் எனக்கு பட்சி காட்னதில்ல. எம்பொண்ணு எட்டாவது பட்சிகினு கீறா. அவளக் கேட்டா, எங்க பாடத்துல இதெல்லாம் இல்லம்மான்றா. பின்ன இன்னாதான்டீ கீது உங்க பாடத்துல?"

அதற்குப் பிறகு கூட்டத்தை நிறுத்த முடியவில்லை. ஆளுக்கு ஒரு கதை. படிக்காமல் போட்ட கையெழுத்து, தப்பான ஆபீசுக்குப் போன மனு, நம்மைப் பற்றியே நமக்குத் தெரியாமல் எழுதிய மனு. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மூளையில் மட்டும் ஒரு விளக்கு எரிந்தது. அக்காவின் மகள் சொன்னது தவறு, பாடத்தில் அது இருக்கிறது. கடிதம் எழுதுதல். 'உங்கள் தெருவில் குடிநீர் வசதி செய்து தருமாறு மாநகராட்சி ஆணையருக்குக் கடிதம் வரைக.' இதை எழுதாமல் தமிழ்நாட்டில் யாராவது பள்ளிக்கூடத்தைத் தாண்டியிருக்கிறார்களா? நானும் எழுதியிருக்கிறேன். எழுதி, உறைமேல் முகவரியும் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். எந்தக் கடிதமும் எங்கும் போனதில்லை. மதிப்பெண்ணோடு அதன் ஆயுள் முடிந்துவிடும்.

என் அலகு அங்கேயே பிறந்துவிட்டது. பிள்ளைகள் தங்கள் தெருவைச் சுற்றிப் பார்த்து உண்மையான ஒரு குறையை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். அது எந்த ஆபீசின் வேலை என்று விசாரிப்பார்கள். கடிதம் எழுதுவார்கள். ஆனால் அதை அனுப்புவதற்கு முன், யாருக்காக எழுதினார்களோ அவர்களை வரவழைத்து உட்காரவைத்து வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சொல்லும் திருத்தம் எல்லாம் ஏற வேண்டும். பிறகுதான் கையெழுத்து. இந்தக் கடைசி விதி அக்கா கொடுத்தது. அறிக்கையில் 'பங்கேற்பாளர் ஒருவர்' என்று எழுதினேன். அப்படித்தான் எழுத வேண்டுமாம்.

ட்யூஷன் பிள்ளைகளை வைத்து முதலில் நடத்திப் பார்த்தேன். அடடா, என்ன வகுப்பு அது. நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள், மாடியில் துணி காயப்போட வந்தவர்களே சாட்சி. வீடியோ எடுத்து, பக்கம் பக்கமாக எழுதி, வழிகாட்டிப் பேராசிரியரிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் குறைவாகப் பேசும் அம்மா. வீடியோவை முழுக்கப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க ரொம்ப நல்லா பேசுறீங்க. அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. இதுல பாடம் எது, நீங்க எது?"

கலைத்திட்டம் என்பது அதை எழுதியவர் கூட இல்லாதபோதும் நடக்க வேண்டியது என்று அவரே சொன்னார். முன்பின் தெரியாத ஓர் ஆசிரியர் பக்கங்களைப் பிரித்துப் படித்து வகுப்பை நடத்த முடிய வேண்டும். முடியாவிட்டால் அது ஒரு நல்ல ட்யூஷன், அவ்வளவுதான். ஆகவே ஒரு பள்ளியில் வேறொருவர் இதை நடத்த வேண்டும், நான் கடைசிப் பெஞ்சில் உட்கார வேண்டும். அவருக்கு உதவக்கூடாது, சைகை காட்டக்கூடாது. வாயைத் திறந்தால் அந்த முயற்சி கணக்கில் சேராது. வாசித்துக் காட்டும் நாளில் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர் கன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது.

"கல்யாணமான நாள்லேர்ந்து நானும் டிரை பண்ணிகினு கீறேன். கடைசில அதுக்கு ஒரு யுனிவர்சிட்டியே வர வேண்டியதாப் பூட்சி."

சிரிக்கட்டும். ஆனால் பக்கங்களைத் திருத்தி எழுத உட்கார்ந்தபோதுதான் பேராசிரியர் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரிந்தது. 'மாணவர்களை ஊக்கப்படுத்தவும்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். எப்படி ஊக்கப்படுத்துவது, கை தட்டியா, பிஸ்கட் கொடுத்தா என்று கணவர் கேட்டார். நியாயம்தானே? என் பக்கங்களில் அப்படிப்பட்ட ஓட்டைகள் நிறைய இருந்தன. ஒவ்வொரு ஓட்டையையும் நான் வகுப்பில் வாயால் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது பக்கங்களோடு என் வாய் போகாது. எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். பேசுவதைவிட எழுதுவது கஷ்டம் என்று சொல்வார்கள். தான் பேசவே முடியாத ஓர் இடத்துக்காக எழுதுவது அதைவிடக் கஷ்டம்.

பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் தலைமையாசிரியர் அனுமதி கொடுத்தார். எட்டாம் வகுப்புத் தமிழ் ஆசிரியை புதிதாக வந்தவர், திண்டுக்கல் பக்கத்துப் பெண். அமைதியான ஆள். என் பக்கங்களை வாங்கிப் படித்தார். தெருவைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது பிள்ளைகளை இரண்டு இரண்டாகப் பிரிப்பதா, நாலு நாலாகவா என்று மட்டும் கேட்டார். நாலு என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. இவ்வளவு கொஞ்சமாகப் பேசுகிறவர் கையில் என் பட்டத்தைக் கொடுத்திருக்கிறேனே என்று அன்று வீடு வரும் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன்.

பிள்ளைகள் சுற்றிவிட்டு வந்து தேர்ந்தெடுத்தது கிரவுண்டை. யாரோ வீடு இடித்த கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து கிரவுண்டின் ஒரு மூலையில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மூலையில் கார்னர் கிக் எடுக்க முடியாது, எடுத்தால் முட்டி போய்விடும். இதை விடாமல் வாதாடி ஜெயித்தது அதே வகுப்பில் படிக்கும் அக்காவின் மகள்தான். பெண்கள் டீமில் இடது பக்கம் ஓடுபவள். அந்த மூலை அவளுடைய மூலை. எனக்குச் சந்தோஷம். பாடம் என் பக்கங்களில் இருந்தபடியே போய்க்கொண்டிருந்தது.

கடிதம் எழுதும் நாள் வந்தது. ஆசிரியை சொன்னதும் எல்லாத் தலையும் குனிந்தன. பேனா ஓடும் சத்தம். கடைசிப் பெஞ்சில் இருந்து எனக்கு முன்னால் இருந்த நோட்டை எட்டிப் பார்த்தேன்.

அனுப்புநர்: அ.ஆ.இ., காந்தி தெரு, மதுரை.

பக்கத்து நோட்டைப் பார்த்தேன். அ.ஆ.இ., மதுரை. அதற்கு அடுத்தது, அதுவும் மதுரை. வியாசர்பாடி கிரவுண்டில் கிடக்கும் கல்லுக்கு வகுப்பு முழுவதும் மதுரையிலிருந்து மனு எழுதிக்கொண்டிருந்தது. கைடில் மாதிரிக் கடிதம் அப்படித்தான் இருக்கும். பரீட்சைத் தாளில் சொந்தப் பெயரும் ஊரும் எழுதக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள். அவர்கள் கை தானாக அங்கே போய்விட்டது. போதாததற்கு, கல் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு, 'கோடைகாலம் நெருங்குவதால் பெண்கள் குடங்களுடன் நெடுந்தொலைவு நடந்து அவதியுறுகின்றனர்' என்று குடிநீர்க் கடிதத்தின் வரியையும் சேர்த்துக்கொண்டார்கள். உருப்போட்டது வீணாகக்கூடாதே.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் பக்கங்களில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. எனக்கு இது தோன்றவே இல்லை. ட்யூஷனில் பிள்ளைகள் எழுதத் தொடங்கும் முன்பே நான் பேசிப் பேசி அவர்களை வியாசர்பாடியில் நிறுத்தியிருப்பேன். ஆசிரியை வரிசை வரிசையாக நடந்து நோட்டுகளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வேறென்ன செய்ய? பிறகு அவர் மேசைக்குப் போய் என் பக்கங்களைப் புரட்டினார், அடுத்த பகுதியைப் படித்தார், மூடி வைத்தார். நாளைக்கு வாசித்துக் காட்டுவோம், வீட்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வாருங்கள் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு இதே நினைப்புதான். நாளைக்குப் பேராசிரியர் வந்து உட்காருவார், மதுரை மதுரை என்று கேட்பார், எழுந்து போய்விடுவார். ஆசிரியைக்கு போன் போட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். சொன்னால் அது மறுபடியும் நான் நடத்தும் பாடமாகிவிடும். படிக்கட்டில் அக்கா, "இன்னாமே, மூஞ்சி ஏன் ஒரு மாரி கீது?" என்று கேட்டார். அவரிடமும் சொல்ல முடியாது, நாளைக்குக் கேட்க வரப்போவது அவர்தான். தலைவலி என்றேன். தலைவலிக்கும் உனக்கும் சம்பந்தமில்லை, உனக்கு வந்திருப்பது வாய்வலி என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

மறுநாள் கடைசிப் பீரியட். அக்கா வியாபாரத்தை முடித்து, கூடையைப் பள்ளி கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கோச் வந்தார். இன்னும் சில அம்மாக்கள் வந்தார்கள். என் பக்கத்தில் பேராசிரியர். அக்காவின் மகள்தான் வாசிக்க எழுந்தாள். நன்றாக நிமிர்ந்து, பேச்சுப்போட்டிக் குரலில், அனுப்புநரில் தொடங்கி இப்படிக்கு வரை ஒரு தடங்கல் இல்லாமல் வாசித்தாள். வாசித்து முடித்ததும் கைதட்டல் வரும் என்று நின்றாள். வரவில்லை. அக்கா நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"அது யாருடீ அ.ஆ.இ.? உங்கப்பா வெச்ச பேரு எங்கடீ பூட்சி?"

வகுப்பு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "மதுரைல கேட்டா, நம்ம கிரவுண்டு கல்ல எவன் வந்து அள்ளுவான்? அப்பால, கொடத்த தூக்கினு நான் எங்கடீ நடந்தேன்? நான் தூக்கினு நடக்கறது மீன் கூட. எம்பேர்ல எய்தறேன்னு சொல்லிட்டு இன்னாமோ எய்திகீற."

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவளும் விடவில்லை. பரீட்சையில் பெயர் எழுதக்கூடாது, எழுதினால் மார்க்கைக் கட் பண்ணிவிடுவார்கள் என்றாள்.

"இது பரிச்சையாடீ?" என்றார் அக்கா.

அவள் ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நான் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நானாக இருந்தால் அந்த இடத்தில் அரைமணி நேரம் பேசியிருப்பேன். குடிமக்கள், உரிமை, முகவரி என்று எங்கெங்கோ போயிருப்பேன். அந்தத் திண்டுக்கல் பெண் ஒரே வார்த்தை சொன்னார்.

"இல்ல."

தாள் கிழியும் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததை எந்தப் பக்கத்திலும் யாரும் எழுதியிருக்க முடியாது. கிரவுண்டின் எந்த மூலை, எந்தத் தெரு முனையிலிருந்து பார்த்தால் தெரியும் என்று கோச் கரும்பலகையில் படம் போட்டார். அங்கேதான் கல்யாணச் சமையலுக்கு அடுப்பு வைப்போம், அதையும் சேருங்கள் என்று ஓர் அம்மா சொன்னார். கல்லை முழுக்க எடுத்துவிட்டால் மேட்ச் பார்க்க எதன்மேல் உட்காருவது, கொஞ்சம் விட்டுவைக்கச் சொல்லி எழுதலாம் என்று ஒரு பையன் கிளப்ப, அதன்மேல் பெரிய சண்டை. கைதூக்கிப் பார்த்ததில் முழுக்க எடுக்க வேண்டும் என்ற பக்கம் ஜெயித்தது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஆசிரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். கடைசியில் அக்கா மகள் வாசித்தபோது அதில் அவள் பெயர் இருந்தது, அம்மா பெயரின் முதல் எழுத்தும் அப்பா பெயரின் முதல் எழுத்தும் இருந்தன, எங்கள் தெரு இருந்தது. அக்கா தலையை ஆட்டினார். "இப்ப குடு" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பேராசிரியர் என் பக்கம் சாய்ந்து, இனி நீங்கள் பேசலாம் என்று காதோடு சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை. நம்பினால் நம்புங்கள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் நான் நடத்திய வகுப்புகளிலேயே சிறந்தது அது. அதில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடிதத்தை மாநகராட்சியின் மண்டல அலுவலகத்துக்கு வகுப்பே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வந்தது. சில வாரத்தில் லாரி வந்து கல்லை அள்ளிக்கொண்டு போயிற்று. கொஞ்சம் மிச்சம் விட்டுவிட்டும் போனது. உட்கார இடம் வேண்டும் என்று சொன்ன பையன் தான்தான் ஜெயித்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். என் அறிக்கையில் அங்கங்கே காகிதத் துண்டு செருகி வைத்திருந்தார். கோட்பாட்டுக் கேள்விகளைக் கேட்டார், படித்ததைச் சொன்னேன். பிறகு மதுரைப் பக்கத்தைத் திறந்தார். இது உங்கள் வடிவமைப்பில் குறை இல்லையா, முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டார். ஆமாம், எனக்குத் தோன்றவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் திருத்திய பக்கங்களில் 'சொந்தப் பெயரும் முகவரியும் எழுதச் சொல்லவும்' என்று ஏன் இன்னும் சேர்க்கவில்லை என்று பிடித்தார். அதுவரை புத்தகத் தமிழில் ஓடிக்கொண்டிருந்த எனக்கு, அந்த இடத்தில் எங்கள் தமிழ்தான் வந்தது.

"வோணும்னேதான் சார் சேக்கல. டீச்சர் முன்னாடியே சொல்லிட்டாங்கன்னா, புள்ளைங்க சரியா எய்திருவாங்க. அப்பால அம்மாவுங்க வந்து உக்காந்து கைதட்டிட்டு போவாங்க. கேக்கறதுக்கு அவங்களுக்கு இன்னா கீது? அவங்க கேட்டாத்தான் சார் அது பாடம்."

பெரியவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பேராசிரியர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவர் வாயோரம் சிரிப்பு இருந்தது. சரி, பாடம் நடந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள், உங்கள் பங்கு என்ன என்று பெரியவர் கடைசியாகக் கேட்டார். ஒன்றும் செய்யவில்லை சார், சும்மா உட்கார்ந்திருந்தேன், அதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு இரண்டு வருடப் படிப்பு தேவைப்பட்டது என்றேன். அவர் காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு அறிக்கையை மூடினார். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று முறைப்படி சொன்னபோது எழுந்து நின்று கும்பிட்டேன். வெளியே வந்து கணவருக்கு போன் போட்டேன். யார்டில் கன்டெய்னர் இறக்கும் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தேறிட்டேன், தேறிட்டேன் என்று பஸ் ஸ்டாப்பில் நின்று கத்தினேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மா கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பள்ளி திறந்து கொஞ்ச நாள் கழித்து ஆசிரியையை மார்க்கெட்டில் பார்த்தேன். இந்த வருடத்து எட்டாம் வகுப்புக்கும் அந்தப் பாடத்தைத் தொடங்கிவிட்டேன், ஆனால் உங்கள் வரிசையைக் கொஞ்சம் மாற்றிவிட்டேன், எழுதுவதற்கு முன்னாலும் ஒருமுறை பெரியவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறோம், பரவாயில்லையா என்றார். உள்ளுக்குள் சுருக்கென்றது, என்னைக் கேட்காமலா என்று. அடுத்த நொடியே, கேட்காமல்தானே நடக்க வேண்டும் என்று புத்தி சொன்னது. தாராளமாகச் செய்யுங்கள் என்றேன்.

அந்த வாரமே ஒருநாள் பள்ளியின் மதில் ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். உள்ளே ஒரு பிள்ளை நிறுத்தி நிறுத்தி எதையோ வாசித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பெரிய மனுஷியின் குரல் குறுக்கிட்டு, அது அப்படி இல்லை கண்ணு, நான் சொன்னது வேற என்றது. வகுப்பு சிரித்தது. யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. எந்தக் குறையைப் பற்றிய மனு என்றும் தெரியவில்லை. நின்று கேட்கலாம் போல இருந்தது. நிற்கவில்லை. என் ட்யூஷன் பிள்ளைகள் வந்துவிடும் நேரம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடையைக் கட்டினேன்.